குள்ளர் கோட்டையில் துக்கம் விசாரித்தல்

டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்னும் கணினி விளையாட்டில் ஏழு குள்ளர்கள் ஒரு வண்டியோடு காட்டுவெளியில் வந்து இறங்குவார்கள். அவர்களைக் கொண்டு மலையைக் குடைந்து படுக்கையறை, பட்டறை, சாப்பாட்டு மண்டபம், கோயில், கல்லறை என ஒரு கோட்டையை உண்டாக்குவது விளையாடுபவரின் வேலை. கோட்டை வளர வளர வேறிடங்களிலிருந்து ஆட்கள் வந்து குடியேறுவார்கள். பிள்ளைகள் பிறக்கும், படையெடுப்பு வரும், சாவு விழும். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006இல் இதை முதலில் வெளியிட்டார்கள். நெடுங்காலம் திரையில் எழுத்துகளும் குறியீடுகளும் மட்டுமே தெரிந்தன. படங்களோடு கூடிய விலைப் பதிப்பு 2022 டிசெம்பரில் வந்தது. பழைய வடிவத்தை இன்றும் இலவசமாக எடுக்கலாம். நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்புக்கென்று தெரிந்தெடுத்த 14 கணினி விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

நான் உளவளத்துணையாளர். கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளரிளம் பிள்ளைகளோடு பேசுவது என் தொழில். இந்த விளையாட்டை எனக்குக் கற்றுத்தந்தவர்கள் அந்தப் பிள்ளைகளே. "எந்நேரமும் கொம்பியூட்டரோடதான் மிஸ், வீட்டில ஒரு சொல்லும் கதைக்கிறானில்லை" என்று தாய்மார் கூட்டிக்கொண்டு வருவார்கள். தன்னைப் பற்றிக் கேட்டால் தலை குனியும் பிள்ளை, தன் கோட்டையில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்டால் நிமிர்ந்து உட்காரும். அவர்கள் சொன்னவற்றிலிருந்து நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தப் பிள்ளையையும் எவரும் அடையாளம் காணாதபடி பலருடைய கதைகளைக் கலந்திருக்கிறேன்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு குள்ளனுக்கும் தனிச் சுபாவம் உண்டு, கும்பிடும் தெய்வம் உண்டு, சொந்தபந்தம் உண்டு. அவனுக்குப் பிடித்த உலோகம் எது, விலங்கு எது என்பதுகூட எழுதப்பட்டிருக்கும். பெயரை அழுத்தினால் அவன் மனதில் ஓடுவது வாக்கியங்களாக வரும். நல்ல அறையில் படுத்து எழும்பினான், மகிழ்ந்தான். சிநேகிதன் சாவதைக் கண்டான், திகிலடைந்தான். வெகுநாளாகக் கோயிலுக்குப் போகவில்லை, மனம் நிலைகொள்ளவில்லை. இப்படியே பாரம் ஏறிக்கொண்டு போனால் ஒருவன் கண்ணில் பட்டதையெல்லாம் உடைப்பான். ஒருத்தி வேலையைப் போட்டுவிட்டு அழுவாள். இன்னொருவன் எங்கே போகிறோம் என்ற நினைவே இல்லாமல் திரிவான்.

2018இல் நினைவுகளையும் இதற்குள் கொண்டுவந்தார்கள். வலுவான அனுபவம் பலவீனமானதைத் தள்ளிவிட்டு மனதில் இடம்பிடிக்கும். நிலைத்து நின்றால் நெடுநாள் நினைவாகும். ஏதோ ஒரு வேளையில் அந்தக் காட்சி திரும்ப வந்து, அன்று பட்ட உணர்ச்சியை அப்படியே மறுபடியும் தரும். சில நினைவுகள் ஆளின் சுபாவத்தையே மாற்றிவிடும். ஒரே சாவைக் கண்ட இருவரில் ஒருவர் எதற்கும் அஞ்சுபவராகவும் மற்றவர் முன்னைவிட உறுதியானவராகவும் ஆகக்கூடும்.

மனவடுவைப் பற்றிப் பெற்றோருக்கு நான் முதலில் விளங்கப்படுத்த வேண்டியது இதுதான். நடந்தது முடிந்துபோன ஒன்றாக அந்தப் பிள்ளைக்குள் இல்லை, அது திரும்பத் திரும்ப இன்றைக்கே நடக்கிறது. ஒரே வீட்டில் ஒரே கொடுமையைக் கண்ட அண்ணனும் தங்கையும் இரண்டு விதமாக ஆகியிருப்பார்கள். அண்ணன் தேறிவிட்டானே, உனக்கு மட்டும் என்ன என்று தங்கையைக் கேட்பது அநியாயம். இதை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தன் குள்ளர்களின் நினைவுப் பக்கத்தைத் திறந்து தாய்க்குக் காட்டிய ஒரு பெண்பிள்ளை, "இதைப் பாருங்கோ அம்மா, இவர் இன்னும் அண்டைக்கு நடந்ததுக்குள்ளதான் நிக்கிறார்" என்று சொன்னபோது தாய்க்கு விளங்கியது.

இந்த விளையாட்டை நெடுநாள் விளையாடியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அழிவு உண்டு. முன்னைய பதிப்புகளில் அது இன்னும் அடிக்கடி நடந்தது. ஊரெல்லாம் சிநேகிதமாயிருந்த ஒருவன் சாவான். துக்கம் தாங்காமல் அவன் நண்பன் வெறிகொண்டு இன்னொருவனை அடிப்பான். அடிபட்டவன் செத்தால் அவனுடைய மனைவியும் சகோதரரும் உடைந்துபோவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து எந்தப் பகைவனும் வராமல் கோட்டை உள்ளிருந்தே சரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நெடுநாள் வைத்தியம் பார்த்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் வடக்கின் நிலையைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். தனியொருவரின் நோயைத் தாண்டி, ஊரே ஒருவரையொருவர் நம்பாமல் போவதையும், வாய்மூடிப் போவதையும், எதிலும் முனைப்பில்லாமல் பிறர் கையை எதிர்பார்ப்பதையும் அவர் அதில் எடுத்துக்காட்டினார். ஒருவரின் துக்கம் எப்படி ஊரின் துக்கமாகிறது என்பதை அந்தக் கட்டுரையில் நான் படித்திருந்தேன். அது நடக்கும் விதத்தை, ஒருவரிலிருந்து அடுத்தவருக்கு, அடுத்தவரிலிருந்து அவர் பிள்ளைக்கு என்று அடி அடியாகப் பார்த்தது இந்தத் திரையில்தான்.

அப்படியானால் குள்ளரை எப்படிக் குணப்படுத்துவது? இங்கேதான் விளையாட்டு என் தொழிலுக்கு மிக நெருங்கி வருகிறது. துயரத்தைத் துடைக்கும் மருந்து எதுவும் அதில் கிடையாது. விளையாடுபவரால் ஒரு குள்ளனின் மனதுக்குள் கைவைக்க முடியாது. அவனைச் சுற்றி இருப்பதை மட்டுமே மாற்றலாம். படுக்க ஒரு தனியறை கொடுக்கலாம். ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்காமல் விதம் விதமாகச் சமைப்பிக்கலாம். அவன் கும்பிடும் தெய்வத்துக்கு ஒரு கோயில் கட்டலாம். வேலையைக் குறைத்து, குடும்பத்தோடும் சிநேகிதரோடும் இருக்க நேரம் விடலாம். நீர்வீழ்ச்சி ஒன்றை உள்ளே வரவழைத்து அதன் சாரல் படும் வழியில் நடக்கவிடலாம். பிணங்களை நடைபாதையிலிருந்து எடுத்து மரியாதையாக அடக்கம் செய்யலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரங்களில் இறங்கிய வெளியாட்கள் பலர் வேறு வழியில் தொடங்கினார்கள். வந்த கையோடு பிள்ளைகளை உட்காரவைத்து, நடந்ததைச் சொல், அழு என்றார்கள். பிள்ளைக்கு இரவில் படுக்கப் பாயில்லை, தாயின் உடல் கிடைத்ததா என்று தெரியவில்லை. அப்படிப்பட்ட அனுபவங்களின் பாடங்களும் சேர்ந்துதான் 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடிய நிலைக்குழு, அவசரகால உளநல உதவிக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. நான்கு தட்டுக் கூம்பு ஒன்று அதில் இருக்கிறது. அடித்தட்டில் பாதுகாப்பும் சாப்பாடும் தங்குமிடமும். அதற்கு மேல் குடும்பமும் ஊரும் தரும் ஆதரவு. மூன்றாவதில் பயிற்சி பெற்ற துணையாளர்கள். உச்சியில், மிகக் குறைவானோருக்கு மட்டும், உளமருத்துவர். கொழும்பில் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கூம்பைக் கரும்பலகையில் வரைந்து நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். பதினாறு வயதுப் பெடியன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "கீழ இருந்து கட்டாட்டி கோட்டை விழுந்திடும் மிஸ், இது எங்களுக்குத் தெரியும்தானே" என்றான்.

மனம் நொந்தவரைத் திருத்த முயல்வதற்கு முன் அவர் வாழும் இடத்தைத் திருத்தினால் உயிர்கள் தப்பும் என்பதற்கு இந்த நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 வரை போய், உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அக்காலத்திலிருந்து மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. அடுத்த பத்தாண்டுகளில் அந்த வீதம் பாதியாகக் குறைந்தது. போர் முடிந்துவிடவில்லை, வறுமை தீரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமல் போனது, அவ்வளவே.

கல்லறைக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் என் பிள்ளைகள் மிகுதியாகப் பேசுவது அதைப் பற்றித்தான்.

இறந்த குள்ளனை அடக்கம் செய்யாமல் விட்டால் அவன் ஆவியாக வந்து கோட்டைக்குள் அலைவான், உயிரோடிருப்பவர்களைக் கலங்கடிப்பான். உடல் கிடைக்காவிட்டால் ஒரு வழி இருக்கிறது. கற்பலகை ஒன்றில் அவன் பெயரைப் பொறித்து கோட்டைக்குள் நாட்டினால் ஆவி அமைதியடையும். ஒருவன் எவர் கண்ணிலும் படாமல் செத்திருந்தால், இத்தனை நாளாக அவனைக் காணவில்லை என்று அறிவித்தல் வரும். இறந்தோரும் காணாமற்போனோரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கவென்று வன்னியிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் நின்ற ஒரு பெடியன். போர் முடிந்த 2009இல் அவன் கைக்குழந்தை. தகப்பனைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு படமும், தாய் சொன்ன கதைகளும். அவனுடைய கோட்டையில் ஒரு சுரங்கக்காரன் காணாமற்போயிருந்தான். பட்டியலில் பெயர் வந்துவிட்டது. கல் பொறிக்கலாம், அவன் பொறிக்கவில்லை. அந்தச் சுரங்கக்காரனின் அறையையும் வேறெவருக்கும் கொடுக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் பொதுமண்டபத்தில் நிலத்தில் படுத்தார்கள், அந்த அறை மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"அவர் வருவார் எண்டு நினைக்கிறீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ். வரமாட்டார் எண்டு தெரியும். ஆனா அறையை வேற ஆக்களுக்குக் குடுக்க மனம் வரேல்ல."

சில கிழமைகள் கழித்து அந்தச் சுரங்கக்காரனின் ஆவி வந்தது. அதை என்னிடம் சொன்னபோது அவன் குரலில் பயம் இருக்கவில்லை, ஆறுதல் இருந்தது. ஆவி வந்தால் செத்துவிட்டான் என்று உறுதி, இனிச் செய்ய வேண்டியதைச் செய்யலாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான்: "எங்கட வீட்டுக்கு ஆவியும் வரேல்ல மிஸ்."

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள் இந்த நிலையைத் தெளிவற்ற இழப்பு என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் 1970களிலேயே இதை ஆராயத் தொடங்கினார். ஆள் இல்லை, சாவும் இல்லை. துக்கம் தொடங்கவே இல்லை, ஆகவே முடியவும் வழியில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் போராடத் தொடங்கினார்கள். சட்டப்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம், காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது, ஆணையாளர்கள் 2018இல் நியமிக்கப்பட்டார்கள். என்றாலும் மரணச் சான்றிதழை வாங்க மறுக்கும் தாய்மார் பலர். தன் கையெழுத்தால் பிள்ளையைச் சாகடிக்க ஒரு தாய் எப்படிச் சம்மதிப்பாள்? உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாத வரைக்கும் கல் நாட்டு, மறந்து முன்னே போ என்று அவளிடம் சொல்ல எந்த உளவளத்துணையாளருக்கும் உரிமை இல்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அந்தப் பெடியனிடமும் கல் பொறி என்று நான் சொல்லவில்லை. அந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். கட்டில், பெட்டி, சுவரில் ஒரு செதுக்கல் என்றான். இந்த விளையாட்டில் செதுக்குவோர் கோட்டையில் நடந்தவற்றைச் சுவர்களில் செதுக்குவார்கள், படையெடுப்பையும் சாவையும்கூட. வாரத்துக்கு வாரம் அந்த அறையைப் பற்றியே பேசினோம். பிறகு தகப்பனின் படம் இருக்கும் வீட்டு அறையைப் பற்றிப் பேசினோம். நாளடைவில் அவன் தாய்க்குத் தொலைபேசி எடுத்து, அதுவரை கேட்காத சிறு விஷயங்களைக் கேட்கத் தொடங்கினான்: அப்பா என்ன பாட்டுப் பாடுவார், சோற்றோடு என்ன கறி விரும்புவார், தன்னைத் தூக்கி வைத்திருந்தாரா. தாய் சொல்லச் சொல்ல எழுதிவைத்தான். அவன் கோட்டையில் ஆவிக்குக் கல் எழும்பியதா என்று நான் கேட்கவில்லை. அதை முடிவுசெய்வது அவனுடைய பாடு.

அடக்கம் மறுக்கப்படுவது என்ன செய்யும் என்று இந்த நகரத்தில் எல்லா மக்களும் ஏதோ ஒரு காலத்தில் அறிந்திருக்கிறார்கள். 2020இலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட் தொற்றோடு இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். பாதுகாப்பாகப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அது நடந்தது. முன்பு சொன்ன உளநல வழிகாட்டி நெறிகளில் இறுதிச் சடங்குகளும் உளநல உதவியின் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருப்பது சும்மா இல்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் என்னோடு பேசிய இளைஞர்களுக்குப் பிரச்சினை வேறு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் இறந்தவர்கள் 260 பேருக்கு மேல். செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கர், இந்துக்கள், பௌத்தர் என்று எல்லாரும் மெழுகுதிரியோடு போகும் கோயில் அது. ஜம்பட்டா வீதி, ஜிந்துப்பிட்டி இளைஞர்கள் ஓடிப்போய்க் காயப்பட்டவர்களைத் தூக்கினார்கள், இறந்தவர்களையும் தூக்கினார்கள். ஊர் அவர்களைப் பாராட்டியது. மறுநாள் அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று கேட்டவர் குறைவு.

இந்த விளையாட்டில் பிணம் சுமப்பது ஒரு வேலை. யார் அதைச் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விதிக்கலாம். விதிக்காமல் விட்டால் யார் சும்மா நிற்கிறார்களோ அவர்கள் போவார்கள். தாய் மகனின் உடலைச் சுமப்பாள். அந்த நினைவு அவளை விட்டு இலகுவில் போகாது. அன்று திருத்தலத்துக்கு ஓடிய ஓர் இளைஞன் தன் கோட்டையில் மூன்று விதிகளை வைத்திருந்தான். இறந்தவரின் சொந்தக்காரர் சுமக்கக்கூடாது. ஒருமுறை சுமந்தவர் அடுத்தமுறை சுமக்கக்கூடாது. சுமந்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பருவம் முழுக்க வேறு வேலை கொடுக்கக்கூடாது. அவசர உதவிப் பணியாளருக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் அறிவுரை ஏறக்குறைய இதுவே. அவனுக்கு அதை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றையும் எனக்கு விளங்கப்படுத்தி முடித்துவிட்டு, "என்னைய யாரும் அன்னைக்கு மாத்தல மிஸ்" என்றான். அன்று தொடங்கித்தான் அவன் தன்னைப் பற்றிப் பேசினான்.

கற்பனை உலகத்தின் வழியாகப் பிள்ளையை அணுகுவது நான் கண்டுபிடித்த வழியல்ல. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரின் நடுவே, தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். பிள்ளை தன் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று அங்கே எவரும் வற்புறுத்தவில்லை. அரக்கனையும் பறவையையும் பற்றிய கதைக்குள் தன் கதையை எவ்வளவு வைக்கலாம் என்பதைப் பிள்ளையே தீர்மானித்தது. இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடியில் முற்றம் இல்லை. காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் நடுவே, பிரத்தியேக வகுப்பிலிருந்து பிரத்தியேக வகுப்புக்கு ஓடும் பிள்ளைக்குத் திரையே முற்றம்.

வேறு விளையாட்டுகளையும் பிள்ளைகள் காட்டியிருக்கிறார்கள். 2016இல் வந்த டார்க்கஸ்ட் டஞ்சனில் வீரர்களின் மன அழுத்தம் நூறைத் தொட்டால் பெரும்பாலானோர் உடைவார்கள், ஒரு சிலர் மட்டும் அந்தக் கணத்தில் துணிவு பெறுவார்கள். உடைந்தவரை மடத்துக்கோ மதுச்சாலைக்கோ அனுப்பி ஆற வைக்கலாம். அங்கே இருப்பவர் அந்த வாரப் பயணத்துக்குப் போக முடியாது. இந்த ஒரு விதிக்காகவே அந்த விளையாட்டை எனக்குப் பிடிக்கும். வீட்டில் சாவு விழுந்த பிள்ளையை எட்டாம் நாள் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, "சோதினை முடியட்டும் மிஸ், பிறகு பாப்பம்" என்று சொல்லும் பெற்றோரைக் கொழும்பில் நான் நிறையக் காண்கிறேன். ஆறுவதற்கு நாள் வேண்டும், அந்த நாளை வேறு எதற்கும் கொடுக்க முடியாது.

இனி இந்த விளையாட்டுகள் பிழையாகக் காட்டுவதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் நான் ஒளிக்காமல் சொல்லும் விஷயங்கள் இவை.

குள்ளருக்கு ஒருமுறை சித்தம் கலங்கிவிட்டால் மீட்சியே இல்லை. மனிதருக்கு அப்படி இல்லை. கடும் மனநோய்க்கு மருந்து உண்டு, பலர் தேறி வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே நாங்கள் வசையாக்கி வைத்திருக்கிறோம். அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவகம், வைத்தியசாலை. உளமருத்துவரிடம் போகச் சொன்னால் "விசர் எண்டு சொல்லிப்போடுவினம்" என்று பயந்து பிள்ளையை மறைத்து வைக்கும் குடும்பம், பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வருடங்களை இழக்கிறது.

அடுத்தது, விளையாடுபவர் அரசர். கோட்டை நன்றாக ஓட வேண்டும் என்பதற்காகக் குள்ளரைச் சந்தோசமாக வைத்திருக்கிறார். சரிவராவிட்டால் துக்கம் மிகுந்தவரை ஊரைவிட்டு அனுப்பலாம், அறைக்குள் வைத்துச் சுவர் எழுப்பலாம். ஒரு பெண்பிள்ளை அப்படிச் செய்திருந்தாள். கணவனை இழந்து ஓயாமல் அழுத ஒருத்தியைத் தனியறையில் அடைத்தாள். காரணம் கேட்டேன். "மற்ற ஆக்களையும் குழப்பிப்போடுவா" என்றாள். இதே வாக்கியத்தை அவளுடைய மாமி, அவளுடைய தாயைப் பற்றி என் முன்னால் சொல்லியிருந்தார். அந்தப் பெண்பிள்ளைக்கு அது நினைவில் வர அதிக நேரம் எடுக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டால் கோட்டைக்கு என்ன ஆகும் என்று இருவரும் சேர்ந்து யோசித்தோம். அடுத்த வாரம் திறந்தாள். கோட்டைக்குச் சேதம் வந்தது, ஆனால் அவள் மறுபடி அடைக்கவில்லை. மனிதரின் துக்கத்தைக் கவனிப்பது அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக இருக்கக்கூடாது. அவர் எங்களில் ஒருவர் என்ற காரணம் போதும். இது விளையாட்டு சொல்லித்தராத பாடம், பெரியவர்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

விளையாட்டில் என் தொழிலைச் செய்பவரும் இருக்கிறார். மனம் நொந்த குள்ளர் ஊர்த் தலைவரைத் தேடிப் போய் அவர் முன்னால் அழுவார்கள், கத்துவார்கள். அழுது முடித்தவருக்குப் பாரம் குறையும். கேட்ட தலைவருக்குப் பாரம் கொஞ்சம் ஏறும். ஆறுதல் சொல்லச் சொல்ல அந்தத் திறமை அவருக்குக் கூடும் என்றாலும், ஒருவரே ஊர் முழுவதன் அழுகையையும் கேட்டால் ஒருநாள் அவரும் உடைவார். கேட்பவர்களையும் எவராவது கேட்க வேண்டும் என்பது எங்கள் துறையில் பெரிய விதி. மேற்பார்வைக்கு ஆளில்லாமல், தனியே, குறைந்த சம்பளத்தில் இந்த வேலையைச் செய்யும் இளையவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் துணையைக் கொடுக்காத எந்தத் திட்டமும் நிலைக்காது.

1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்து பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்கு ஓடியவர்கள் இன்றும் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். இப்போது தாத்தாக்களும் அம்மம்மாக்களும். அவர்களில் பலர் அதைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. பேரப்பிள்ளை ஒருத்தி, கோட்டை எரிந்து எல்லாரும் ஓடியதைத் தன் அம்மம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். அம்மம்மா, "ஓடேக்க எதை எடுத்துக்கொண்டு ஓடினவை?" என்று கேட்டாராம். பிறகு தான் எடுத்துக்கொண்டு ஓடியது என்ன என்று, நாற்பது வருடங்களுக்குப் பிறகு, சொன்னாராம். என் அறைக்கு வெளியே, எந்த நிபுணரும் இல்லாமல் நடந்த அந்தப் பேச்சு, கூம்பின் இரண்டாம் தட்டில் நடக்க வேண்டியது நடந்ததற்கு உதாரணம்.

ஆகவே பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை திரைக்கு முன்னால் இருக்கும்போது பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். "உன்ர ஆக்களில ஆர் கவலையா இருக்கினம்?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் புத்தி சொல்லாதீர்கள். "அவருக்கு என்ன தேவைப்படுது?" என்று அடுத்ததைக் கேளுங்கள். பிள்ளை இரவிரவாகத் தூங்காவிட்டால், சாப்பாட்டை விட்டால், சாவதைப் பற்றிப் பேசினால், அன்றைக்கே உதவி தேடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். 1974 முதல் கொழும்பில் இயங்கும் சுமித்திரயோவில், கேட்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மற்ற வேளைகளில், கவலைப்படும் அந்தக் குள்ளருக்கு வேண்டியவை என்று பிள்ளை சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நேரத்துக்கு நித்திரை, சேர்ந்திருந்து ஒரு சாப்பாடு, கோயிலுக்குப் போய்வர ஒரு பின்னேரம், செத்தவரின் பெயரைப் பயமில்லாமல் சொல்ல ஓர் இடம். அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை வீட்டிலேயே, இன்றைக்கே, நீங்கள் செய்துகொடுக்கக்கூடியவை.